தாது கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன், இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றியே கேட்டன. 2019 கோடையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரி வரும் திசையையே பார்த்து நின்ற ஊரிலிருந்து வேறு எந்தக் கேள்வி வரும்? எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: துறைமுகத்தில் இரும்புத் தாது குவித்து வைத்திருந்த காலத்தில், எங்கள் வீட்டு மாடியில் காலையில் காயப்போட்ட வேட்டி மாலையில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். தூசி பறக்காமல் இருக்க அந்தக் குவியல்களின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது தெரியும். ஆனால் ஒரு தாது ஆலைக்குச் சிறிய நகரம் ஒன்றின் அளவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று படித்தேன். தாது என்பது கல். கல்லை உருக்க நெருப்புத்தானே வேண்டும், தண்ணீர் எதற்கு? (ராயபுரம் வாசகர்)

பதில்: உங்கள் வேட்டியின் நிறம் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு மாறியிருக்கும், நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அந்தத் துறைமுகத்தில் கையாளப்படுவது அதன் பிறகுதான் நின்றது. குவியலின் மேல் தெளிக்கும் நீர் சிறிய செலவு. பெரிய செலவு, தாது துறைமுகத்தை எட்டிப் பார்ப்பதற்கு வெகு முன்பே, சுரங்கத்தை ஒட்டிய ஆலையில் நடந்து முடிந்துவிடுகிறது.

எல்லாத் தாதுவுக்கும் அந்தச் செலவு உண்டு என்று எண்ண வேண்டாம். சத்தீஸ்கரின் பைலடிலா மலையில் கிடைக்கும் ஹேமடைட் தாதுவில் 65 விழுக்காட்டை ஒட்டி இரும்பு இருக்கிறது. கலப்பே இல்லாத ஹேமடைட்டில்கூட 70 விழுக்காடுதான் இரும்பு என்பதால், அங்கே நீக்குவதற்கு அதிகம் இல்லை. உடைத்து, சலித்து, கட்டிகளை ஒட்டியிருக்கும் களிமண்ணை நீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். நம் சேலத்துக் கஞ்சமலைத் தாதுவின் நிலைமை வேறு. அது மேக்னடைட், இரும்பு 40 விழுக்காட்டுக்கும் கீழே, மீதியில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் வெறுங்கல். இரண்டும் பொடிப் பொடியாகப் பின்னிக் கிடப்பதால், தலைமுடியின் தடிமனை விட நுண்ணியதாக, பல தாதுக்களில் 45 மைக்ரானுக்கும் கீழே அரைத்தால்தான் இரும்புத் துகள் வேறாகவும் கல் துகள் வேறாகவும் பிரியும். அவ்வளவு நுண்மையாக உலர அரைத்தால் பாதி காற்றோடு போகும். ஆகவே வீட்டுக் கிரைண்டரில் உளுந்துக்கு நீர் தெளித்து அரைப்பதைப் போல, ஆலையிலும் நீர் சேர்த்துக் குழம்பாக அரைக்கிறார்கள். அந்த நீரே துகளை அடுத்த எந்திரத்துக்கும் சுமந்து செல்கிறது.

அரைத்தபின் பிரிக்க வேண்டும். அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்ட ஆட்ட, அரிசி நீரோடு மேலே நழுவி அடுத்த பாத்திரத்தில் விழும். கல் அடிவரிகளில் தங்கிவிடும். இங்கே நமக்கு வேண்டியது அடியில் தங்குவது, அவ்வளவுதான் வேறுபாடு. மேக்னடைட் நீரை விட ஐந்து மடங்குக்குச் சற்று மேல் கனமானது. குவார்ட்ஸ் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். திருகுப்படி போல வளைந்திறங்கும் ஸ்பைரல் என்ற தொட்டியில் குழம்பை ஓடவிட்டால், கனமான துகள் உள்வளைவிலும் இலேசானது வெளிவளைவிலும் ஒதுங்கும். மேக்னடைட்டுக்குக் காந்த உருளை இன்னும் எளிது. எப்படியானாலும் துகள்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி நகர்வதற்கு நடுவில் நீர் வேண்டும்.

கேள்வி: ஒரு டன் தாதுவுக்கு இரண்டு டன்னுக்கு மேல் தண்ணீர் தேவை என்று என் பாடநூல் சொல்கிறது. அரை டன்னுக்கும் குறைவாகவே எடுக்கிறோம் என்று ஓர் ஆலையின் அறிக்கை சொல்கிறது. எதை நம்புவது? (கிண்டியில் பொறியியல் படிக்கும் சேலம் மாணவி)

பதில்: இரண்டையும் நம்பலாம். பாடநூல் ஆலைக்குள் சுற்றும் நீரைச் சொல்கிறது. அறிக்கை ஆற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ புதிதாக எடுக்கும் நீரைச் சொல்கிறது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சமலை போன்ற ஒரு தாதுவை வைத்து நாமே கணக்குப் போடுவோம்.

மணிக்கு 100 டன் தாது. எடையில் 30 விழுக்காடு திடப்பொருள் இருக்கும்படி குழம்பாக்கினால் உடன் ஓடும் நீர் 233 டன். பிரித்து முடித்தபின் இரும்பு மிகுந்த செறிவுத் தூள் 40 டன்னும் 60 டன் கழிவும் கிடைப்பதாகக் கொள்வோம். செறிவுத் தூளை வடிகட்டி 9 விழுக்காடு ஈரத்துடன் வெளியே அனுப்பினால், அதனோடு போகும் நீர் வெறும் 4 டன். கழிவை 60 விழுக்காடு திடப்பொருள் உள்ள கெட்டிக் குழம்பாக்கிக் குட்டைக்கு அனுப்பினால், அதனோடு போவது 40 டன். ஆக, இழப்பு 44 டன். மீதி 189 டன் திரும்பவும் அரைவைக்கு வந்துவிடுகிறது. ஒரு டன் தாதுவுக்கு 2.33 டன் நீர் என்ற உங்கள் பாடநூலும், 0.44 டன் என்ற அறிக்கையும் ஒரே ஆலையின் இரண்டு முகங்கள்.

இந்தக் கணக்கில் நீங்கள் அடிக்கோடிட வேண்டிய எண் அந்த 40. இழக்கும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு கழிவோடுதான் போகிறது. கழிவைப் பாதிக்குப் பாதி என்ற அளவிலேயே கெட்டியாக்க முடிந்த ஆலையில் மொத்த இழப்பு 64 டன்னாக ஏறும். அதே கழிவை அழுத்தி வடிகட்டும் ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து 15 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவந்தால், 15 டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். ‘எங்கள் ஆலை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது’ என்று ஒருவர் சொன்னால், அரைவை எந்திரத்தைக் காட்டச் சொல்லாதீர்கள்; கழிவு எவ்வளவு ஈரத்தோடு வெளியேறுகிறது என்று கேளுங்கள்.

கழிவைக் கெட்டியாக்கும் இடத்துக்குத் திக்கனர் என்று பெயர். பல மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தொட்டி. நடுவில் குழம்பு விழும். அடியில் நீண்ட துழாவிக் கைகள் மிக மெதுவாகச் சுற்றிச் சேற்றை மையத்துக்கு ஒதுக்கும். விளிம்பில் தெளிந்த நீர் வழிந்து ஓடும். நுண்துகள்கள் தாமாக இறங்க நாட்கணக்காகும் என்பதால், டன்னுக்குச் சில பத்து கிராம் என்ற கணக்கில் ஒரு பாலிமர் சேர்ப்பார்கள். கலங்கிய நீர்ப்பானையின் உட்புறத்தில் நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையை உரைத்ததற்கு இதுதான் பெரிய உருவம். பத்துத் துகள்கள் கைகோத்துக்கொண்டால் சேர்ந்து மூழ்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையில், அந்தப் பாலிமர்ப் பொடியைக் கரைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறுமையாகத் தூவ வேண்டியதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பொடி கரையாமல், வேகாத ஜவ்வரிசி போல முடிச்சு முடிச்சாக மிதந்தது. மாலைக்குள் திக்கனர் விளிம்பில் வழிந்த நீர் செங்காவி நிறத்துக்கு மாறி, அந்தச் சேறே அரைவைக்குத் திரும்பி, ஸ்பைரல்களின் பிரிப்பைக் கெடுத்துவிட்டது. ஷிஃப்ட் இன்சார்ஜ் என்னைத் திட்டவில்லை. ஒரு லிட்டர் அளவுக் குழாயில் குழம்பை ஊற்றி, சரியாகக் கரைத்த மருந்தில் சில துளி விட்டு, கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். கண்ணெதிரே ஒரு கோடு பிறந்து, மேலே தெளிவும் கீழே சேறுமாக அந்தக் கோடு இறங்கியது. அன்று பார்த்த கோட்டைப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் தேடுவேன்.

சேலத்துக்காரரான உங்களுக்கு இன்னொரு கணக்கு. கழிவுக் குட்டையில் தேங்கிய நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். உண்மைதான், வெயில் விட்டுவைத்தால். பத்து ஹெக்டேர் குட்டையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 5 லட்சம் லிட்டர் போய்விடும். அது 12,000 லிட்டர் லாரிகளில் நாற்பதுக்கும் மேல்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விடுகிறோம். இந்த ஆலைகளும் நகரக் கழிவுநீரையோ கடல்நீரையோ பயன்படுத்தினால் ஆறும் கிணறும் தப்பிக்குமே? (வளசரவாக்கம் வாசகி)

பதில்: செய்யலாம், சிலர் செய்கிறார்கள். நம் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-கள் முதலே நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வருகின்றன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்யும் நிலையங்கள் தொழிற்சாலைகளுக்கென்றே அமைக்கப்பட்டன. ஆனால் இரும்புத் தாது கிடைக்கும் மலைகளின் அடிவாரத்தில் கோயம்பேடுகள் இருப்பதில்லை. நீரைக் குழாயில் மலைக்கு ஏற்றும் மின்செலவே பல திட்டங்களைக் காகிதத்தில் நிறுத்திவிடுகிறது.

அடுத்தது நீரின் குணம். காந்த உருளை நீரைப் பற்றிக் கவலைப்படாது. உப்பானாலும் கலங்கலானாலும் மேக்னடைட்டை ஈர்த்துக்கொள்ளும். மிதப்பு முறைதான் முகம் சுளிக்கும். ஹேமடைட் தாதுவிலிருந்து குவார்ட்ஸை நீக்குவதற்கு, அமீன் வகை மருந்தைச் சேர்த்துக் காற்றுக் குமிழிகளை விடுவார்கள். மருந்து ஒட்டிய குவார்ட்ஸ் குமிழியோடு மேலேறி நுரையாக வழிந்துவிடும். இரும்புத் துகளும் கூடவே ஏறிவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு போர்வை வேண்டும். அந்தப் போர்வை, நீங்கள் நம்பமாட்டீர்கள், ஸ்டார்ச். பிரேசிலில் சோள மாவிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சைக் காரத்தில் கரைத்துச் சேர்க்கிறார்கள். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதைப் போல, அங்கே இரும்புக்குக் கஞ்சி போடுகிறார்கள்.

காரத்தன்மை (pH) பத்தை ஒட்டி நிற்க வேண்டிய இந்த நுட்பமான வேலையில், கடினநீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் குறுக்கே புகுந்து மருந்தை வீணாக்கும். கடல்நீரை அப்படியே ஊற்றினால் அந்தக் காரத்தில் மெக்னீசியம் வெண்ணிறக் கூழாகப் படிந்து எல்லாத் துகள்களையும் ஒன்றுபோலப் பூசிவிடும். அதோடு உப்பு தூளில் தங்கினால் பிறகு உலையிலும் குழாய்களிலும் அரிப்பு. அதனால்தான் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையிலுள்ள சைனோ அயர்ன் சுரங்கமும், சிலியின் அட்டகாமா பகுதியில் இயங்கும் சில இரும்புச் சுரங்கங்களும் மீஞ்சூரையும் நெம்மேலியையும் போலத் தமக்கென்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வைத்திருக்கின்றன.

உங்கள் குடியிருப்பின் அனுபவத்திலிருந்தே ஒன்றைச் சொல்ல முடியும். திரும்பி வரும் நீர் முன்பு போன அதே நீரன்று. ஒவ்வொரு சுற்றிலும் உப்பும் மருந்தின் மிச்சமும் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் கொஞ்சத்தை வெளியேற்றிப் புதுநீர் கலந்தாக வேண்டும். ‘நூற்றுக்கு நூறு மறுசுழற்சி’ என்ற விளம்பர வாசகத்தை நான் அரைக் கண்ணால்தான் படிப்பேன்.

கேள்வி: என் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இரும்புச் சுரங்கம் வரும் என்ற பேச்சு எழுந்து, மக்கள் எதிர்ப்பால் அடங்கியது. ஒருவேளை மீண்டும் வந்தால் எங்கள் கிணறுகள் வற்றுமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: ஆலைக்கு எடுக்கும் நீர் வேறு, சுரங்கக் குழி இழுக்கும் நீர் வேறு. தரைமட்டத்துக்கு மேலே மலையை மட்டும் வெட்டும் வரை குழிக்குள் நிலத்தடி நீர் பெரிதாக ஊறாது. ஆனால் மழையை வாங்கிச் சுற்றுவட்டக் கிணறுகளுக்கு மெல்ல விடும் மலையின் உடலும் காடும் குறைந்துகொண்டே வரும். குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிய நாள் முதல், அதை உலர வைக்க இரவும் பகலும் இறைக்க வேண்டும். சுற்றியுள்ள நீர்மட்டம் குழியை நோக்கிப் புனல் வடிவில் சரியும். கோவாவின் சுரங்கங்களில் நடந்தது இதுதான். உங்கள் பகுதிக் கடினப் பாறையில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால், குழிக்குப் பக்கத்துக் கிணறு நிறைந்திருக்கவும் தொலைவிலுள்ள கிணறு வற்றவும் கூடும். இது விவசாயிக்கு நிரூபிப்பதற்குக் கடினமான இழப்பு.

இறைத்த நீரை என்ன செய்வது என்பது பணக்கார நாடுகளிலும் சிக்கல்தான். ஆஸ்திரேலியாவின் பில்பாரா வறண்ட நிலம். ஆனாலும் நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும் அங்குள்ள சுரங்கங்களில் நீர் மிஞ்சுகிறது. கிளவுட்பிரேக் சுரங்கத்தில் அதைத் திரும்பவும் நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். மரண்டூ சுரங்கத்தின் மிகைநீரைப் பாய்ச்சி மாட்டுத் தீவனப் புல் வளர்க்கிறார்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. திட்டம் வந்தாலும் வராவிட்டாலும், ஆண்டுதோறும் ஒரே மாதங்களில், மே மாதம் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு முறையும், கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சுரங்கம் தொடங்கிய பிறகு எடுக்கும் அளவுக்கு எந்த மதிப்பும் இருக்காது.

கேள்வி: என் தந்தையார் கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தில் பணியாற்றியவர். தாதுவைக் குழம்பாக்கி மலையிலிருந்து மங்களூருக்குக் குழாயில் அனுப்பியதைப் பெருமையாகச் சொல்வார். அந்தத் தண்ணீர் பிறகு என்ன ஆயிற்று? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: உங்கள் தந்தையார் பெருமைப்பட்டதில் தவறில்லை. ஏறத்தாழ 67 கிலோமீட்டர் குழாய், மேற்குத் தொடர்ச்சி மலையின் இறக்கத்தையே துணையாகக் கொண்டு, மேக்னடைட் தூளைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்தது. அத்தனை லாரிகள் மலைச்சாலையில் ஓடியிருந்தால் காடு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈரானின் ஷா ஆட்சிக் காலத்து ஒப்பந்தத்தை நம்பித் தொடங்கிய திட்டம் அது. புரட்சிக்குப் பின் ஈரான் வாங்கவில்லை. பிறகு 1987-ல் மங்களூரில் தூளை உருண்டைகளாக்கும் பெல்லட் ஆலை வந்தது.

கடற்கரையில் குழம்பை வடிகட்டித் தூளை எடுத்தபின், பிரிந்த நீரைச் சுத்திகரித்து ஆலையின் பிற வேலைகளுக்கு எடுத்துக்கொள்வதும் எஞ்சியதைக் கடலில் விடுவதும் இத்தகைய குழாய்களில் வழக்கம். மலைக்குத் திரும்பி வருவதில்லை. மழை கொட்டும் குதிரேமுக்கில் அந்த அளவு பெரிய பொருட்டன்று. அங்கே வம்பானது மழையே. வெட்டிய சரிவுகளின் மண்ணை அது பத்ரா ஆற்றுக்கு அடித்துச் சென்றது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 2005-ஆம் ஆண்டின் இறுதியோடு அங்கே சுரங்கம் நின்றது. கழிவைத் தாங்கும் லக்யா அணை மட்டும் இன்னும் நிற்கிறது.

பைலடிலாவிலிருந்து விசாகப்பட்டினம் செல்லும் 267 கிலோமீட்டர் குழாய்க்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தும். குழம்பில் 65 விழுக்காடு திடப்பொருள் என்று கொண்டால், 10 லட்சம் டன் தாதுவோடு 5.4 லட்சம் டன் நீர் உள்நாட்டை விட்டுக் கடற்கரைக்குப் பயணமாகிறது. சென்னைக் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் லாரிகள் ஏறத்தாழ 45,000. டீசல் மிச்சம் என்பதும் உண்மை, ஒரு ஆற்றுப் படுகையின் நீர் இன்னொரு இடத்துக்குப் போகிறது என்பதும் உண்மை.

கேள்வி: பிரேசிலில் கழிவு அணை உடைந்து மக்கள் இறந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மண்ணால் ஆன அணை, உள்ளேயும் மண். அது எப்படி வெள்ளம் போல ஓடியது? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: அது மண்ணாக இருந்த வரை நின்றது. துகள்களுக்கு இடையில் சிக்கிய நீர் பாரத்தைத் தாங்கத் தொடங்கிய கணத்தில் குழம்பாகிவிட்டது. ஈரமணலில் ஒரே இடத்தில் காலால் மிதித்துக்கொண்டே இருங்கள். மெரினாவில் அலை வந்து போன இடத்தில் குழந்தைகள் செய்வதுதான். கெட்டியாக இருந்த மணல் திடீரென்று தளதளவென்று காலை உள்வாங்கும். மேலே நான் சொன்ன 40 டன் நீர் கழிவோடு போய்ச் சேரும் இடம் இதுதான்.

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் 2015 நவம்பர் 5 அன்று ஃபுண்டாவ் அணை உடைந்தது. 19 பேர் இறந்தனர். பென்டோ ரோட்ரிகஸ் என்ற சிற்றூர் புதைந்தது. சேறு ரியோ டோசே ஆற்றின் வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் கலந்தது. வழியிலிருந்த நகரங்களின் குடிநீர் நின்றது. 2019 ஜனவரி 25 அன்று அதே மாநிலத்தில் புருமடின்யோவில் இன்னோர் அணை. இறந்தவர்கள் 270 பேர். அந்த அணையில் கழிவு கொட்டுவதை 2016-லேயே நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலோர் அதைச் செத்துப்போன அணை என்றே எண்ணியிருப்பார்கள். அணையின் கீழ்ப்புறத்தில் சுரங்கத்தின் அலுவலகமும் உணவுக்கூடமும் இருந்தன. உடைந்தது நண்பகல் 12 மணி 28 நிமிடத்துக்கு, சாப்பாட்டு வேளையில்.

இரண்டு அணைகளும் ஒரே வகையில் உயர்த்தப்பட்டவை. முதலில் ஒரு சிறு கரை கட்டி உள்ளே கழிவை நிரப்புவார்கள். நிரம்பியதும் அடுத்த கரையை வெளிப்புறமாகக் கெட்டித் தரையில் கட்டாமல், உள்ளே காய்ந்த கழிவின் மேலேயே கட்டி உயர்த்துவார்கள். மண் செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு படியும் முந்தைய சேற்றின் தோளில் நிற்கிறது. அந்தச் சேறு வடிந்து உலர்ந்திருந்தால் தாங்கும். மழையும் ஊற்றும் உள்ளே தேங்கி நீர்மட்டம் உயர்ந்தே இருந்தால் ஒருநாள் தாங்காது. புருமடின்யோவை ஆராய்ந்த வல்லுநர் குழு நிலநடுக்கம் எதையும் காரணமாகக் காணவில்லை. செங்குத்தான அமைப்பையும் உள்ளே வடியாமல் நின்ற நீரையுமே சுட்டியது. அந்த ஆண்டே பிரேசில் இவ்வகைக் கட்டுமானத்துக்குத் தடை விதித்தது.

அணையே கட்டாமல் கழிவை ஏரியில் கொட்டிய கதையும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் ரிசர்வ் மைனிங் என்ற நிறுவனம் 1950-களின் நடுப்பகுதி முதல் 1980 வரை சுப்பீரியர் ஏரியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 67,000 டன் கழிவை விட்டது. கனமான சேறு ஏரியின் ஆழத்தில் அடங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். 1973-ல் துலூத் நகரத்தின் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற இழைகள் காணப்பட்டன. நீண்ட வழக்குக்குப் பிறகே கழிவு நிலத்துக்கு மாறியது.

கேள்வி: தண்ணீரே இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா? (தாம்பரம் வாசகர்)

பதில்: நல்ல தாதுவானால் முடியும். பிரேசிலின் கராஜாஸ் காட்டிலுள்ள எஸ்11டி சுரங்கத்தில் 2016 முதல் தாதுவை அதன் இயற்கை ஈரத்திலேயே சலித்து அனுப்புகிறார்கள். கழிவு அணையும் தேவைப்படவில்லை. உலர்ந்த தூளைக் காந்தத்தால் பிரிக்கும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. கஞ்சமலை போல மிக நுண்மையாக அரைக்க வேண்டிய தாதுவுக்கு அவை எளிதாகப் பொருந்தா. ராயபுரம் வாசகரின் வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்தில் இரும்புத் தாதுத் தூள் ஏற்றும்போது எங்கள் கேப்டன் தூக்கம் இல்லாமல் இருப்பார். கப்பலுக்குள் தாது தண்ணீராகிவிடும் என்பார். அது உண்மையா, கடலோடிகளின் கதையா? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: உங்கள் கேப்டன் சரியாகவே பயந்திருக்கிறார். மயிலாப்பூர் வாசகிக்குச் சொன்ன அதே நிகழ்ச்சி கப்பலின் அறைக்குள்ளும் நடக்கும். திறந்த வெளியில் குவித்த தூள் பருவமழையில் நனைந்திருக்கும். ஏற்றும்போது பார்ப்பதற்குக் காய்ந்த மண் போலவே தெரியும். கடலுக்குள் போனபின் எந்திரத்தின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் துகள்கள் நெருங்கி அமரும். இடையிலிருந்த நீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் முழுச் சரக்கும் பாயசம் போல ஒரு பக்கம் சாயும். சாய்ந்தது கப்பல் மறுபக்கம் உருளும்போது முழுவதும் திரும்பி வராது. 2009-ல் இந்தியத் தாதுத் தூளை ஏற்றிய இரண்டு கப்பல்கள், ஜூலையில் மங்களூருக்கு அருகே ஏஷியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாரதீப்புக்கு அருகே பிளாக் ரோஸ், இவ்வாறுதான் மூழ்கின.

எத்தனை விழுக்காடு ஈரம் வரை ஏற்றலாம் என்ற எல்லையை ஒவ்வொரு சரக்குக்கும் ஆய்வகத்தில் கண்டறிந்து, அனுப்புபவர் சான்றிதழ் தர வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அந்தக் காகிதத்தை நம்பாதவர்களுக்கு, கப்பல் தளத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, நீங்களே செய்திருப்பீர்கள். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் கொள்ளும் தகர டப்பாவில் பாதி அளவுக்குத் தூளைப் போட்டு, 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தளத்தின் மேல் ஓங்கிக் குத்த வேண்டும். ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு முறை என்று 25 முறை. பிறகு டப்பாவுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் ஈரம் மினுங்கினாலோ தூள் குழைந்து நெளிந்தாலோ, ஏற்றுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். மினுங்காவிட்டாலும் சரக்கு பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டப்பா சோதனை ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் உதவும், ‘ஏற்றலாம்’ என்று சொல்ல உதவாது.